எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?

சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு மெடிக்கலில் அந்த அக்கா வேலை பார்த்தார். தலைவலி என்று போனாலும் சரி, முதுகுவலி என்று போனாலும் சரி, மாத்திரைப் பெட்டியில் கை வைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?"

வந்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பாரசிட்டமாலுக்கு ஓடி வந்தவனிடம் இப்படிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "இப்பதான், வண்டில வரும்போது ஆரம்பிச்சுது" என்பான். "இன்னைக்கு வந்ததைக் கேக்கல. மொத மொதல்ல எப்போ?" என்று அக்கா விடமாட்டார். குருவிகுளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன், வயசைக் கேக்கதுக்கு?" என்றார். "பொண்ணு பாக்க வந்திருந்தா கேக்க மாட்டேன் அண்ணாச்சி, பாத்தாலே தெரியுதுல்லா" என்று அக்கா சொன்னதும் வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெரியவரும் சிரித்துக்கொண்டே, முழங்கால் வலி நாற்பத்திரண்டில் தொடங்கியது என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

ஊரில் அவருக்கு சென்சஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். "சென்சஸ் இருக்காளா, மொதலாளி இருக்காரா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிலர் படியேறுவார்கள். அது அக்கா காதில் விழும். "சென்சஸ்தான் இருக்கேன், வாங்க" என்பார்.

ஒரு நாள் கடைக்கு முன்னால் இரண்டு ஆட்டோக்காரர்கள் சவாரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. அக்கா கவுண்டரில் நின்றபடியே, "ஏய், இந்தச் சண்டை எத்தனை வயசுல ஆரம்பிச்சுது ஒங்க ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். ஒருவன் யோசிக்காமல், "ஒம்பதாப்பு படிக்கும்போதுக்கா" என்றான். இன்னொருவன், "எட்டாப்புலே" என்று திருத்தினான். அதோடு சண்டை பிசுபிசுத்துப் போய்விட்டது.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நானும் என் அம்மாவும் அந்த அக்காவுக்கு என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே எனக்கு என் மேல் ஆத்திரமாக வருகிறது.

அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. டி.பார்ம் படித்தவர். அவருடைய சர்டிபிகேட்தான் கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அது இருந்தால்தான் கடைக்கு லைசென்ஸ். முதலாளிக்கு மருந்து பற்றித் தெரிந்ததெல்லாம் எந்த மாத்திரைக்கு எவ்வளவு கமிஷன் என்பதுதான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முழங்கைகளிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும் படை இருந்தது. முழுக்கை வைத்துச் சுடிதார் தைத்திருந்தால் தெரியாது. ஆனால் அவர் அரைக்கைதான் போடுவார். வலது கை மோதிர விரல் சின்னச் சீனிக்கிழங்கு மாதிரி முழுக்க வீங்கி, நுனியில் கோணியிருந்தது. நகங்களில் ஊசியால் குத்தின மாதிரிக் குழிகள். நடக்கும்போது இடது குதிகாலை முழுசாக ஊன்ற மாட்டார்.

சிலர் அவர் கையிலிருந்து மாத்திரை அட்டையை வாங்க மாட்டார்கள். "அங்கன வைம்மா, எடுத்துக்கிடுதேன்" என்பார்கள். அக்கா வைக்க மாட்டார். நீட்டிய கை நீட்டியபடியே நிற்கும். "இது சொரியாசிஸ். ஒட்டாது. வேணும்னா கையில வாங்கும், வேண்டாம்னா அடுத்த மெடிக்கலுக்குப் போம்." முதலாளி உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொள்வார். வந்தவர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, அட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வாங்கிக்கொண்டு போவார். போகிற வழியில் பைப்பில் கை கழுவுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா முன்னால் சொல்லக் கூடாதது ஒன்று உண்டு. "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் மாறிவிடும். "வயசு ஒரு சீக்கா? எந்த மெடிக்கல்ல அதுக்கு மருந்து விக்காங்க, சொல்லுங்க, நானும் வாங்கிக்கிடுதேன்" என்பார். "இந்த வயசுல என்ன வலி" என்று யாராவது சொன்னாலும் அதே கோபம்தான். ஒருமுறை, கல்லூரிக்குப் போகிற மகளைக் கூட்டிவந்த ஒரு அம்மா, "காலைல எந்திரிக்கவே முடியலங்கா. இந்த வயசுல மூட்டு வலியாம், சோம்பேறித்தனம்" என்றார். அக்கா அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை, அந்த அம்மாவைத்தான் பார்த்தார்.

"சின்னப் பிள்ளைன்னா இந்த வயசுல வராதுங்கிய. வயசானவங்கன்னா இந்த வயசுல வரத்தான் செய்யுங்கிய. அப்போ எந்த வயசுல வலிச்சா நம்புவிய? அதைச் சொல்லுங்க, அந்த வயசுக்குக் காத்துக்கிட்டு இருப்போம்."

அந்த அம்மா மருந்தே வாங்காமல் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி வெளியே வந்து, "ஒனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?" என்றார். "வாய் மட்டும்தான் அண்ணாச்சி வலிக்காம இருக்கு" என்றார் அக்கா.

எங்கள் கடை அந்த மெடிக்கலுக்கு அடுத்த தெருவில். இட்லி மாவுக்கடை. நானும் அம்மாவும்தான். அப்பா இல்லை. மத்தியானம் கிரைண்டர் ஓயும் நேரத்தில் நான் மெடிக்கலில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், கடையில் யாரும் இல்லாதபோது, அக்கா தன் கதையைச் சொன்னார். அவர் கேட்கிற கேள்விக்கு அவருடைய பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதினோரு வயதில் தலையில் ஆரம்பித்தது. பொடுகு என்று எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தார்கள். எரிச்சலில் கத்தியிருக்கிறார். பதின்மூன்றில் முழங்கைக்கு வந்தது. எங்கள் ஊரில் தோலில் என்ன வந்தாலும் கோவில் புற்றுமண்தான் முதல் மருந்து. வெளியூர்க்காரர்களும் பஸ் ஏறி வந்து வாங்கிப் பூசுகிற மண். அக்காவின் அப்பா நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் பூசவைத்தார். குறைந்தது. நேர்ச்சையைச் செலுத்தினார்கள். அடுத்த வருஷம் திரும்பவும் வந்தது. அந்த நோயின் குணமே அதுதான், போகும், வரும். ஆனால் அப்பா, நேர்ச்சையில் என்ன குறை வைத்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"பன்னெண்டு வருசம் யோசிச்சாரு. மண்ணு மேல எனக்குக் கோவம் இல்லட்டி. பூசினா குளிர்ச்சியாத்தான் இருந்துச்சு. மண்ணைப் பூசுனா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னு சாமியா சொல்லிச்சு?"

இருபத்தைந்தில் குதிகால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முக்கால் மணி நேரம் சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடியும். பிறகு விரல் வீங்கியது. எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல என்னம்மா மூட்டு வலி? கல்யாணம் ஆயிட்டா? ஆகட்டும், எல்லாம் சரியாப் போகும்" என்றாராம். அக்கா இதைச் சொல்லும்போது அந்த டாக்டரின் குரலிலேயே சொல்லிக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கை பரபரத்தது.

இதில் அவர் வீட்டார் செய்த தப்பும் உண்டு. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. படை இருப்பது வெளியே தெரியக் கூடாது. தோலுக்குப் போன ஊர் வேறு, எலும்புக்குப் போன ஊர் வேறு. தோல் டாக்டரிடம் போகும்போது விரலைப் பற்றிப் பேசக் கூடாது. எலும்பு டாக்டரிடம் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள், நோயைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு வேறு ஊரில் காட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடக் கூடாதல்லவா. அந்த மாப்பிள்ளையும் வரவில்லை, நோயும் பிடிபடவில்லை. ஆறு வருஷம் போய்விட்டது.

கடைசியில் மதுரையில் ஒரு மூட்டு வாத டாக்டர்தான் கேட்டார். தோலில் எத்தனை வயதில், மூட்டில் எத்தனை வயதில். பதினொன்று, இருபத்தைந்து என்று அக்கா சொல்ல, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு வட்டம் போட்டார். இரண்டும் ஒரே நோய்தான் என்றார்.

"அன்னைக்குத்தான் அழுதேன்ட்டி. சீக்குக்கு அழல. ஆறு வருசத்துக்கு முந்தி எவனாவது இந்த ஒத்தைக் கேள்வியைக் கேட்டிருந்தா, இந்த விரல் கோணியிருக்காது."

டாக்டர் சொன்னதையும் எனக்குச் சொன்னார். "சின்ன வயசுல வாரவங்களுக்குப் பெரும்பாலும் தோல்தான் முன்னால வரும். மூட்டு, பல வருசம் கழிச்சு வரும். வீட்ல யாருக்காவது இருக்கும். வயசு போனபெறகு ஆரம்பிக்கவங்களுக்கு அப்படி அவகாசம் கிடைக்காதாம். ரெண்டும் ஒண்ணுபோல வரும், வந்தா மூட்டைச் சீக்கிரமா அரிச்சிருமாம். எல்லாருக்கும் இப்படியேன்னு இல்ல. ஆனா கேக்கணுமா, வேண்டாமா?"

கேட்க வேண்டும் என்றேன். அன்றைக்கு அவருக்காக ரொம்பவும் ஆத்திரப்பட்டேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதே வாயால் பொய் சொன்னேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. எங்கள் கடை மாவுக்குத் தெருவில் ஒரு பேர் உண்டு. கிரைண்டரில் அரைத்த மாவை எல்லாரும்தான் விற்கிறார்கள். அம்மா உப்புப் போட்டுக் கையால் கலக்குவதால்தான் மாவு அப்படிப் பொங்குகிறது என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளியிருந்தும் வாங்க வருவார்கள். "ஒங்க கைராசி மதினி" என்பார்கள். அம்மா சிரிப்பாள். அவள் வாழ்க்கையில் அவளை யாரும் புகழ்ந்தது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஒரு ஆடி மாசம் அவளுக்கு விரல்கள் வீங்கின. காலையில் முஷ்டியை மடக்க முடியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சுல்லாம்மா, இத்தனை வருசம் மாவாட்டின கை வலிக்காம என்ன செய்யும்" என்றேன். அக்கா கேட்டிருந்தால் என்னைக் கடையை விட்டு இறக்கியிருப்பார். அதே மாசத்தில் அம்மாவின் காதுக்குப் பின்னால் படை தெரிந்தது. பிறகு முழங்கையில். எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இதற்கு மேல் சொல்லிக் கொடுக்க யாரும் வேண்டியதில்லை. ஆனால் அம்மா என் கையைத் தன் தலை மேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"யாருட்டயும் சொல்லக் கூடாது. அந்த மெடிக்கல்காரி கையில மாத்திரை வாங்கவே யோசிக்காங்க. என் கையால கலக்கின மாவைத் திம்பாங்களா?"

அதில் நியாயம் இருப்பது போலத்தான் அன்றைக்குத் தோன்றியது. அம்மா முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். கையில் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டாள். "எவ்வளவு சுத்தம் பாரு" என்று அதற்கும் பாராட்டினார்கள்.

வலி மாத்திரைக்கு நான்தான் போனேன். அக்கா யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். எத்தனை வயதில் ஆரம்பித்தது என்றார். இப்பதான், மூன்று வாரம் என்றேன். அவர் கை மாத்திரைப் பெட்டியிலிருந்து திரும்பி வந்தது.

"அம்பத்தெட்டுல புதுசா வீங்குதா? தோல்ல எதுவும் இருக்கா? தலையில, காதுக்குப் பொறவால?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நகத்துல குழி?"

"இல்லக்கா."

என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய சர்டிபிகேட்டைப் பார்த்தேன். இரண்டு மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுத்தார். "இது ரெண்டு நாளைக்கு. மூணாம் நாள் அம்மாவை இங்கன கூட்டிட்டு வா. வீக்கம் மாத்திரைக்கு அடங்கும், உள்ள அரிக்கது அடங்காது." மூன்றாம் நாள் நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கினேன். அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல கடை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போகாததால் அக்காவே வந்துவிட்டார். சாயங்காலம், கடையில் ஐந்தாறு பேர் நிற்கிற நேரம். ஒரு பாக்கெட் மாவு கேட்டார். அம்மா உறை போட்ட கையால் பாக்கெட்டை எடுக்கும்போது விரல் பிடி கொடுக்காமல் நழுவியது. அக்கா கவனித்துவிட்டார்.

"பெரியம்மா, கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"கைக்கென்ன?"

"உறையைக் கழத்திக் காட்டுங்க. இது வயசுக்கு வார வலி இல்ல. இப்ப மதுரைக்குப் போனா விரலைக் காப்பாத்திரலாம். நான் கூட வாரேன், அந்த டாக்டர் எனக்குத் தெரிஞ்சவருதான்."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் கண் முன்னால் நிற்கிறது. பயந்துபோன முகம். பயந்தவர்கள் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள்.

"ஒனக்கு இருக்க சீக்கு எனக்கும் இருக்குன்னு சொல்லுதியா? நாலு பேரு சாப்பிடுத பொருள் விக்க எடத்துல வந்து எதைச் சொறிஞ்சு உதுத்துட்டு நிக்க? தள்ளி நில்லுட்டி."

அதோடு விடவில்லை. அக்கா கை நீட்டியிருந்தார். அம்மா பாக்கெட்டை அந்தக் கையில் கொடுக்காமல், கடை முகப்புக் கல் மேல் வைத்து, விரல் நுனியால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். முழுக்கை ஜாக்கெட்டுக்குள்ளே அதே படை இருந்தது. எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சொன்னேன். "போங்கக்கா" என்றேன்.

பாக்கெட்டை எடுக்காமல் போனார். நின்றவர்களில் ஒருத்தி, "இவளை எப்படித்தான் மருந்துக் கடையில வச்சிருக்காங்களோ" என்றாள். மறுநாள் அவளும் இன்னும் இரண்டு பேரும் மெடிக்கல் முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கனவே அவருக்கு அக்காவின் வாய் ஆகாது. அவர் ஒரு யோசனை சொன்னார். "நீ வீட்ல இரும்மா, கடைக்கு வர வேண்டாம். சர்டிபிகேட் மட்டும் சுவத்துல இருக்கட்டும். மாசாமாசம் ஏதாவது அனுப்பி விடுதேன்."

ஆள் வேண்டாம், அவள் படித்த படிப்பு மட்டும் சுவரில் தொங்கட்டும். இப்படி எத்தனை கடைகளில் யார் யார் படிப்போ தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாராம். ஆணியில் கட்டியிருந்த கம்பியை அந்தக் கோணின விரலால் அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆனதாம். முதலாளி கீழே நின்று கெஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணாடிச் சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி ரத வீதியில் நடந்து போனதை ஊரே பார்த்தது. நான் பார்க்கவில்லை. நான் கடைக்குள்ளே மாவு கலக்கிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நான்தான் கலக்கினேன். இதுதான் இதில் பெரிய கூத்து. அம்மாவால் மாவில் கை வைக்க முடியாமல் போய் அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பின்கட்டில் நான் கலக்கி வைப்பேன், அம்மா முன்னால் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பாள். "கைராசி மதினி, நேத்து மாவு என்னமாப் பொங்குச்சு" என்று அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எந்தக் கையைக் காப்பாற்ற அந்த அக்காவைத் தெருவில் விட்டோமோ, அந்தக் கை மாவில் படவே இல்லை. வியாபாரம் ஒரு பாக்கெட் குறையவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும்.

நாங்கள் மதுரைக்குப் போனது பதினான்கு மாசம் கழித்து, அம்மா கையால் சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் போன பிறகு. டாக்டர் இரண்டு கேள்வியையும் கேட்டார். தோலும் மூட்டும் ஒரே மாசம்தான் என்று அம்மா உண்மையைச் சொன்னாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து, விரல் எலும்பு அரித்துப்போன இடங்களைப் பேனாவால் காட்டிக்கொண்டே வந்தார். முதல் மூன்று நாலு மாசத்துக்குள் ஏன் வரவில்லை என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "வயசுக்கு வார வலின்னு நெனைச்சோம் சார்" என்று நான் சொன்னேன். அங்கேயும் பொய்தான்.

மருந்து ஆரம்பித்து எட்டு மாசம் கழித்து, சண்டை போட்ட அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவரிடம் அக்காவின் நம்பர் கிடைத்தது. திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, அங்கே ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தேன். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மாவுக்கடை பிள்ளை பேசுதேன்."

 வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அம்மா கை எப்படி இருக்கு?"

சொன்னேன். வலது கையில் மூன்று விரல் மடங்காது. இடது மணிக்கட்டு திரும்பாது. வீக்கமும் படையும் வற்றிவிட்டன. போன விரல்கள் போனதுதான்.

"எத்தனை மாசம் கழிச்சுப் போனிய?"

"பதினாலு."

"பதினாலு" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"அக்கா, எங்களை மன்னிச்சிருங்க."

"மன்னிக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஊர்க்காரங்க அங்கன வைன்னு சொன்னா, தெரியாம சொல்லுதாங்க. ஒங்க அம்மாவுக்குத் தெரியும். ஒனக்கு எல்லாமே தெரியும், நானே ஒக்காந்து சொல்லிக் கொடுத்தேன். அதை மன்னிக்க எனக்கு மனசு இல்லட்டி."

"சரிக்கா."

"மூட்டுக்கு எழுதிக் கொடுத்திருப்பாங்கல்லா, அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான், தெனமும் போட்டுரக் கூடாது. டாக்டர் சொல்லுத தேதிக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணணும். வீக்கம் வத்திட்டுன்னு நிறுத்தினா மிச்சம் இருக்க விரலும் போயிரும். இது குடும்பத்துல வார சீக்கு, நீயும் பாத்துக்கிடு. ஒனக்கு இன்னும் முப்பதே ஆகல."

வைத்துவிட்டார்.

"என்ன சொன்னா?" என்றாள் அம்மா.

"மருந்தை நிறுத்தக் கூடாதாம். டெஸ்ட்டை விடக் கூடாதாம்."

"அதை விடு. மன்னிச்சாளா?"

"மாட்டாங்களாம்."

 வாசலில் யாரோ மாவு கேட்டுக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"சரிதான்" என்றாள் அம்மா. "நானா இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்."